மூச்சுக் காட்டாதே

இலை நிறுக்கும்போது ஈரத்துக்கென்று
இரண்டு கிலோ கழிப்பார்கள்.
பதினோரு வருஷமாக அது பழக்கம் எனக்கு.
இவளை நிறுத்தபோது
நர்ஸ் எஸ்தர்ராணி துணியின் எடையைக் கழித்தாள்.
ஆயிரத்து நூற்றெண்பது கிராம்.
இதில் இன்னும் எதைக் கழிப்பார்கள் என்று
தராசையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் மாசத்தில் வந்துவிட்டவள்.
கண்ணாடிப் பெட்டியில் ஒட்டியிருந்த பெயர்
‘யோகமலர் பாப்பா.’
என் பெயரைக் கடன் வாங்கித்தான்
நாற்பத்தாறு நாள் படுத்திருந்தாள்.

வயதும் இரண்டு அவளுக்கு.
பிறந்த நாளிலிருந்து ஒன்று,
பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து ஒன்று.
தடுப்பூசிக்குப் பெரிய வயது, தலை நிற்கச் சின்ன வயது.
நுரையீரலுக்கு எந்த வயது டாக்டர் என்றேன்.
குளிர்காலம் தாண்டட்டும் என்றார்.

கொலக்கம்பையில் இருந்து பார்த்தால் தெரியும்
தாண்டுவது என்றால் என்னவென்று.
கணப்பு வைத்தால் புகை, ஆகாது.
வைக்காவிட்டால் லயத்துச் சுவரே வியர்க்கும்.
ரவிக்கைக்குள் நெஞ்சோடு அவளைக் கட்டிக்கொண்டு
உட்கார்ந்தபடி தூங்கினேன்.
அவள் அப்பா ஃபேக்டரியில் ராத்திரி ஷிப்ட்.

மூத்தவள் தன்ஷிகா, ஒன்றாம் வகுப்பு.
சத்தம் போட்டால் சொல்வேன்,
பாப்பா தூங்குது, மூச்சுக் காட்டாதே.

கார்த்திகையில் பள்ளிக்கூடம் முழுக்க மூக்கொழுகல்.
தன்ஷிகாவுக்கு மூன்று நாள் சளி.
நாலாம் நாள் பாண்டி ஆடப் போய்விட்டாள்.
அதே சளிதான்.
சின்னவளிடம் வந்து வேறு முகம் காட்டியது.

மார்பில் வாய் வைத்தாள், விட்டாள்.
வைத்தாள், விட்டாள்.
சட்டையைத் தூக்கினேன்.
விலாவுக்கடியில் பள்ளம் விழுந்து விழுந்து எழுந்தது.
அறுபதைத் தாண்டினால் வா என்றிருந்தாள் எஸ்தர்ராணி.
போனில் நிமிஷம் வைத்து எண்ணினேன்.
எழுபத்தெட்டில் எண்ணுவதை விட்டுச்
செருப்பைத் தேடினேன்.

குன்னூரில் மாஸ்க் போட்டுக் கீழே அனுப்பினார்கள்.
ஆம்புலன்ஸை ஓட்டியவர் போஜன்.
மரப்பாலத்தில் மண் சரிந்து ஒற்றை வழி.
கொண்டை ஊசி வளைவு பதினாலுக்கும்
ஒரு சாமியையும் கூப்பிடவில்லை நான்,
சிலிண்டர் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.
அவள் அழவில்லை. அதுதான் பயம்.
அழவும் காற்று வேண்டுமே.
மூச்சுக் காட்டு தங்கம், மூச்சுக் காட்டு என்று
உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே இருந்தேன்.

பர்லியார் தாண்டும்போது
காது அடைத்துத் திறந்தது எனக்கு.
அவளுக்கும் வலித்திருக்க வேண்டும்.
முகம் சுருங்கி, பூனைக்குட்டி அளவில்
ஒரு கத்தல்.
போஜன் கண்ணாடியில் பார்த்தார்.
கத்தட்டும், கத்தட்டும் என்றார்.

கோவையில் பன்னிரண்டு நாள்.
கிருமிக்கு அங்கே பெயர் இருந்தது, ஆர்.எஸ்.வி.
இவளுக்கு இன்னும் வைக்கவில்லை.
ஆறாம் நாள் காலை
பக்கத்துக் கட்டிலில் விரிப்பு மாற்றியிருந்தது.
அந்த அம்மாவின் ஃபிளாஸ்க் மட்டும் ஜன்னலில்.
யாரும் எடுக்கவில்லை. நானும்.

இப்போது வாசலில் சோப்பு இருக்கிறது.
கதவில் கரியால் எழுதியிருக்கிறேன்,
சளி உள்ளவர் வெளியே.
நாத்தனார் படித்துப் பார்த்துவிட்டு
கொண்டுவந்த ஹார்லிக்ஸோடு திரும்பிப் போனாள்.
போகட்டும்.

நேற்று சாயங்காலம்
தன்ஷிகா தண்ணீர் மோக்கக் கட்டிலைத் தாண்டினாள்.
கன்னம் இரண்டும் உப்பி,
உதட்டை இறுக்கி, கண் பிதுங்க.
திரும்பி வரும்போதும் அப்படியே.
என்னடி விளையாட்டு என்றேன்.
வாசலுக்கு ஓடி
மூச்சையெல்லாம் தேயிலைப் பக்கம் விட்டுவிட்டு
வந்து சொன்னாள்,
நீதானே காட்டாதேன்னே.

எத்தனை நாளாக என்று கேட்க வரவில்லை.
இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.
விடு, நல்லா விடு என்று
முதுகில் கை வைத்திருந்தேன்.
இருபத்தாறு.
எண்ணாமல் இருக்க
என் கைக்குத் தெரியவில்லை.