இருந்தபடியே விடவும்

டோனோபாவில் கடைசி பெட்ரோல்.
கூரைமேல் இரண்டு கேன், பின்னால் ஏழு கேலன் தண்ணீர்,
ஒரு டஜன் முட்டை, பாதி வெங்காயம்.
தார் முடிந்த இடத்தில் இறங்கி
நான்கு டயரிலும் காற்றைக் குறைத்தாய், கார்வின்,
ஒவ்வொரு டயரிடமும் குந்தி உட்கார்ந்து
ரகசியம் கேட்பவனைப் போல.

பிறகு வரிவரியாய்ச் சலவைப்பலகைச் சாலை.
நெவாடா எங்கள் பற்களைத் துவைத்தது.
நாற்பத்தைந்தில் போனால் வண்டி மிதக்கும் என்றாய்.
மிதக்கவில்லை.
முட்டை நான்கு உடைந்தது.

ஒரு மலைத்தொடர் ஏறி இறங்கினால் சமவெளி.
சமவெளி கடந்தால் இன்னொரு மலைத்தொடர்.
யாரோ போர்வையை உதறிவிட்டு
மடிக்காமல் போன மாதிரி.
நாள் முழுக்க எதிரே வந்தது ஒரே வண்டி.
ஓட்டியவர் ஸ்டியரிங்கிலிருந்து
ஒற்றை விரலை மட்டும் உயர்த்தினார்.
அதைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம்.

நாலு மணிக்கு அந்தக் கதவு.
கதவென்றால் கதவில்லை:
மூன்று குச்சி, நாலு வரி முள்கம்பி,
கம்பத்தில் மாட்ட ஒரு வளையம்.
அவிழ்ந்து புழுதியில் கிடந்தது.
பக்கத்தில் ஒரு தகரத்தில்,
துப்பாக்கி ரவை துளைத்த எழுத்துகள்:
இருந்தபடியே விடவும்.

எனக்குத் திறந்து கிடப்பது எதுவும் ஆகாது.
ஜாம் பாட்டில், அலமாரி,
பேசிக்கொண்டிருப்பவரின் வாக்கியம்,
எல்லாவற்றையும் மூடிவிடுவேன்.
யாரோ மறந்துவிட்டார்கள் என்றேன்.
இருந்தபடி என்றால் இருந்தபடி என்றாய்.
எப்போது இருந்தபடி என்றேன்.
கம்பத்தின்மேல் நீலவயிற்று ஓணான் ஒன்று
மேலும் கீழும் உடலை ஆட்டியது.
வேலிக்கு ஓணான் சாட்சி,
பார், ஆமாம் என்கிறது.

கம்பத்தைத் தோளால் கட்டிப்பிடித்து
மூச்சடக்கி இழுத்து வளையத்தை மாட்டினேன்.
உள்ளங்கையில் நீளமாய் ஒரு கீறல்.
நீ எஞ்சினை அணைக்காமலே காத்திருந்தாய்.

இரண்டு மைல் தள்ளி ஜுனிபர் மரங்களடியில் கூடாரம்.
உன் கரண்டி என் கரண்டியைத் தொடாமல்
ஒரே பாத்திரத்தில் பீன்ஸ் சாப்பிட்டோம்.
சரிவுக்குக் கீழே சோலார் தகடு, ஒரு பம்ப்,
டிராக்டர் டயரை அறுத்துச் செய்த தொட்டி.
தண்ணீர் விட்டுவிட்டு விழுந்தது.
யாருக்கு என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

இரவெல்லாம் தூரத்தில் ஒரு முனகல்.
காற்று என்றேன்.
நீ தூங்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது.
விடியுமுன் நீ பூட்ஸை மாட்டினாய்.
நான் சாவியை எடுத்தேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் நாற்பது மாடுகள்.
கன்றுகள் முன்னால்.
பின்னால் நின்றவை நெருக்க
முன்னால் நின்றவற்றின் மார்பில் முள்கம்பி.
நாக்குகள் காற்றை நக்கின.
வண்டி வெளிச்சம் பட்ட கண்கள் ஒவ்வொன்றும்
என்னைத்தான் பார்த்தன என்று சொன்னால்
நீ மறுப்பாய். மறுத்துக்கொள்.

அவற்றுக்குப் பின்னால் ஒரு பிக்கப் வந்து நின்றது.
லொரேனா எட்சார்ட், அறுபது வயதிருக்கும்,
ஒரு கையில் காபி,
மறு கையால் வளையத்தைக் கழற்றப் பார்த்தாள்.
முடியவில்லை.
காபியைக் கம்பத்தின்மேல் வைத்தாள்.
மூடியது யார்?
வகுப்பறையில் போல் கையைத் தூக்கினேன்.
கீறலைப் பார்த்தாள்.
நன்றாகத்தான் கட்டியிருக்கிறீர்கள் என்றாள்.

மாடுகள் எங்களை உரசிக்கொண்டு ஓடின.
ஒன்றுகூட நின்று முகம் பார்க்கவில்லை.
தொட்டிப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது,
நாற்பது தொண்டைகளின் சத்தம்.
எனக்கு உட்கார வேண்டும் போலிருந்தது.

கடைசிக் கன்று நுழைந்ததும்
அவள் கதவை இழுத்து மூடினாள்,
காபியை எடுத்தாள்,
ஒற்றை விரலை உயர்த்திவிட்டுப் போய்விட்டாள்.

நாங்கள் உள்ளே இருந்தோம்.
நீ கதவைப் பார்த்தாய்.
நான் தகரத்தைப் பார்த்தேன்.
ஓணான் இன்னும் எழுந்திருக்கவில்லை.
நீ எஞ்சினை அணைத்தாய்.

முட்டை எட்டு மிச்சமிருந்தது.