இரண்டு மூன்றுகளால் ஆன எட்டு

புயல் கரை கடந்த பதினோராம் நாள்
ஹூமாவுக்குத் தெற்கே கரும்புக் காட்டில்
நாற்பத்தாறு படகுகள் குப்புறக் கிடந்தன.
எண் பார்ப்பது என் வேலை.
கையில் டார்ச், கம்பி பிரஷ்,
ஓரங்கள் உப்பிப்போன பதிவேடு.

பெயர் சொல்லிக் கேட்காதீர்கள் என்று
வேலியோரம் நின்றவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.
‘மிஸ் இவான்’ மட்டும் நான்கு.
‘கடைசிக் கடன்’ இரண்டு.
பெயரை யாரும் வைக்கலாம்.
எண்ணை லூசியானா கொடுக்க வேண்டும்.

முகப்பின் இரு புறமும்
மூன்று அங்குலத்துக்குக் குறையாமல்,
வெள்ளையில் கறுப்போ கறுப்பில் வெள்ளையோ,
இடமிருந்து வலமாக.
பின்னெழுத்தில் ‘ஐ’ வராது, ‘ஓ’ வராது,
ஒன்றென்றும் சுழியென்றும் கண் ஏமாறும்.
எங்கள் வீட்டுப் பிரெஞ்சில் ‘ஐ’ வெறும் எழுத்து.
அலுவலக ஆங்கிலத்தில் அதற்கு ‘நான்’ என்று பொருள்.
இது எனக்கு உறைக்க இருபது வருடம் ஆயிற்று.
உறைத்து என்ன,
அன்றும் ஏழு பேருக்கு அபராதம் எழுதினேன்.

ஓடெட் நாக்கேன் தனியாக வந்தாள்.
புருஷன் அல்சீட் ஹூஸ்டனில், தங்கை வீட்டில்.
பார்க்க வரமாட்டானாம்.
பதிவுச்சீட்டு எங்கே?
‘ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது.
ஃப்ரிட்ஜ் எங்கே என்று நீங்கள் சொல்லுங்கள்.’
எண் நினைவிருக்கிறதா?
‘அதில் ஒரு எட்டு உண்டு.’
எட்டு இல்லாத படகு எது, அம்மா?
‘நீங்கள் அபராதம் போட்ட எட்டு.’

ஆமாம்.
கடையில் எட்டு தீர்ந்துபோயிருந்த வாரம் அது.
ஒரு மூன்றை நேராகவும் ஒரு மூன்றைத் தலைகீழாகவும்
வாயோடு வாய் வைத்து ஒட்டியிருந்தான் அல்சீட்.
தூரத்தில் எட்டு,
கிட்டப் போனால் நடுவே ஒரு விரல் இடைவெளி.
‘தெளிவில்லை’ என்று எழுதினேன். ஐம்பது டாலர்.

மூன்றாம் வரிசையில்
சேற்றில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்தேன்.
இடப்பக்கத்தைச் சைப்ரஸ் மரம் வழித்துவிட்டிருந்தது.
வலப்பக்கம் தப்பியது ஒரே இலக்கம்:
மூன்று.
கடந்து போயிருப்பேன்.
கவிழ்ந்த படகில் எல்லா எண்ணும் தலைகீழாக நிற்க
இந்த மூன்று மட்டும் ஏன் நேராக நிற்கிறது?

பின்பலகை மூலையில் பிரஷ் போட்டேன்.
பாசிக்குக் கீழே பன்னிரண்டு எழுத்தும் இருந்தன,
பட்டறை பதித்த நாளில் இருந்தபடியே.
தொலைபேசியில் படித்தேன். மறுமுனையில் ஒரு பெண்
தட்டச்சு செய்தாள், இருமினாள்,
‘நாக்கேன்’ என்றாள்.

ஓடெட் அழவில்லை.
முகப்பில் கை வைத்து, அந்த மூன்றின்
உரிந்த நுனியைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.
அது மறுபடி உரிந்துகொண்டது.
‘அந்த ஐம்பதை அவர் கட்டவே இல்லை.
கட்டினால்தான் எடுக்க விடுவீர்களா?’

பதிவேட்டைப் புரட்டினேன்.
அந்தப் பக்கம் நனைந்து அழிந்துவிட்டது என்றேன்.
அழியவில்லை.