நான்காவது நாள்

யூட்டாவின் கிழக்கு மூலை.
பனி மூடிய எண்ணெய்க் கிணறுகளுக்கு நடுவே
ஆளுயரத் தகரக் கூண்டு,
கூரைமேல் கவிழ்த்த கண்ணாடிப் புனல்.
ஊர் இழுக்கும் மூச்சை அதுவும் இழுக்கும்.
இருமாது. எண்ணைச் சொல்லும்.

நான் டென்வரிலிருந்து வந்த தணிக்கைக்காரி.
மாநிலம் அளந்ததை மறுபடி அளப்பது
மத்திய அரசு எனக்குத் தரும் சம்பளம்.
என் பெட்டியில் வேறொரு ஓசோன் இருக்கிறது,
எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்தது.
அதைக் குழாயில் செலுத்திவிட்டுக்
கருவி என்ன சொல்கிறதென்று காத்திருந்தேன்.
நூற்றுக்கு ஒன்று பிசகு. பொய்யில்லை.

டெல்வின் ஹாட்ச்
குறிப்பேட்டைத் தொடையில் துடைத்து நீட்டினார்.
பிளாஸ்கிலிருந்து சூடான சாக்லேட் ஊற்றினார்.
காபி அவர் வீட்டில் கிடையாது.

சட்டம் இது:
நூறு கோடிப் பங்குக் காற்றில்
எழுபது பங்கு வரை குற்றமில்லை.
ஆண்டின் ஆக மோசமான நாளைச் சட்டம் பொறுத்துக்கொள்ளும்.
அடுத்ததையும்.
அதற்கடுத்ததையும்.
நான்காவதைத்தான் கையிலெடுத்து
மூன்றாண்டுச் சராசரியில் வைக்கும்.

இந்தக் குளிர்காலத்தில் மூன்று வந்திருந்தன.

பிப்ரவரி ஒன்பது.
கீழே குளிர், மேலே வெதுவெதுப்பு,
பள்ளத்தாக்குக்கு மூடி போட்டாயிற்று.
கிணறுகள் கசிந்ததெல்லாம் உள்ளே.
பனி வெயிலை வாங்காமல் திருப்பி அடிக்க,
ஒரே வெயில் இருமுறை வெந்தது.
பகல் ஒரு மணிக்கு நூற்று நான்கு.

எண்ணின் மேல் சிவப்புக் கோடு.

"யார் அடித்தது?"
"நான்தான்" என்றார் டெல்வின்.
"ஹீட்டர் ஸ்விட்ச் மாட்டிக்கொண்டது.
வெளியே மைனஸ் பதினான்கு,
கூண்டுக்குள் முப்பத்தாறு.
முப்பது தாண்டினால் எண் செல்லாது."

தெரியும்.
அந்த விதியை வகுப்பெடுத்தவளே நான்.
காலை பத்திலிருந்து இரவு எட்டு வரை
ஒரு மணி நேரமும் தேறவில்லை.
தேறாத மணிகள் கூடினால்
அந்த நாள் நாளே அல்ல.
அவர் கோடு போடாதிருந்தால்
நான் போட்டிருப்பேன்.

திரும்பும் வழியில் பள்ளிக்கூடம்.
கொடிக்கம்பத்தருகே பனியை வழித்துக்கொண்டிருந்தார்
அலுவலகம் பார்க்கும் ஜோலீன்.
தினமும் காற்றுக்கு ஒரு நிறக் கொடி ஏற்றுவது அவர் வேலை.
ஒன்பதாம் தேதி என்ன நிறம் என்று கேட்டேன்.
"சிவப்பு. இணையத்தில் எண் வரவில்லை.
தண்ணீர்த் தொட்டி கண்ணுக்குத் தெரியவில்லை.
அது போதாதா?"

மருந்து அறைப் பதிவேட்டைப் புரட்டினார்:
பதினொரு பிள்ளைகள்,
பதினான்கு முறை இன்ஹேலர்,
ஒரு பெயருக்கு எதிரே "அம்மா வந்து கூட்டிப்போனார்".
பென்சிலில், சாய்ந்த கையெழுத்தில்.
கூண்டுக்கு இருந்த காய்ச்சல்
இந்தப் பக்கத்துக்கு இல்லை.

என் சரிபார்ப்புப் பட்டியலில் நாற்பத்திரண்டு கேள்விகள்.
பள்ளிப் பதிவேடு எதிலும் இல்லை.
பெயர்களை மறைத்து ஒரு நகல் எடுத்து
அறிக்கையின் கடைசியில் கோத்தேன்.
பின்னிணைப்பு என்றுகூட எழுதவில்லை.
மேலதிகாரி கேட்பார்,
பக்கம் தப்பி வந்துவிட்டதா என்று.

குறைபாடு எண் மூன்று: ஹீட்டர் ஸ்விட்ச்.
முப்பது நாளில் மாநிலம் பதிலளிக்க வேண்டும்.

பதில் இருபத்தெட்டாம் நாளே வந்தது, ஒழுங்காக:
உதிரிபாகத்துக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று,
விலை நாற்பத்தொரு டாலர்,
பனி உருகிப் பாதை திறந்ததும்
பொருத்தப்படும்.