பத்து முன்

கண்ணாடித் தகட்டின் வலது ஓரம்
ஒரு விரல் அகலத்துக்கு உடைந்து போயிருக்கிறது.
கூரையின் ஒற்றைச் சிறகுதான் கைவசம்.
இதையே கவிழ்த்து வரைந்தால்
அடுத்த சிறகு கிடைத்துவிடும் என்றார்கள் அலுவலகத்தில்.
தச்சர் மா தொக்சு ஒப்பவில்லை.
"இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும்
மலைக்கோயிலை நான் பார்த்ததில்லை."

கங்வொன் மலைச்சரிவில்
போர் நடந்த குளிர்காலத்தில் எரிந்த கோயில்.
தூண் நின்ற கற்களையும் பிறகு யாரோ
சாலை போடப் பெயர்த்துக்கொண்டு போனார்கள்.
மிச்சம் இந்தப் படம்.
எடுத்தவன் பக்கத்தில் ஓர் அளவுகோலை நிறுத்தவில்லை,
ஓர் ஆளைக்கூட.

இடப்புறமிருந்து தொடங்குகிறேன்.
இலையற்ற ஒரு மரம்.
உச்சியில் ஏழு சாம்பல் புள்ளிகள்.
தகட்டில் தூசி என்று குறித்து வைத்தேன்.
மா தொக்சு உருப்பெருக்கியை வாங்கிப் பார்த்துவிட்டு
என் குறிப்பை அடித்தார்.
பெர்சிமன் பழங்கள்.
பறவைகளுக்கென்று பறிக்காமல் விட்டவை.
ஆக, பின் இலையுதிர் காலம்,
ஆக, காலை வெயில்.

இறவாரத்தில் ஒரு மணி.
அதன் நாவில் தொங்கும் தகர மீன்
இரண்டு மீனாகப் பதிந்திருக்கிறது.
மலை, ஓடு, கதவு எல்லாம் மூச்சடக்கி நிற்க
அது மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

கதவுகள் நான்கு. இரண்டு திறந்திருக்கின்றன.
மூடியவற்றில் பூப்பின்னல்,
வரிசைக்குப் பதினொன்று; ஓரிடத்தில் பத்து.
(உடைந்ததா, செதுக்கியவன் எண்ணத் தவறினானா?)
உள்ளே கறுப்பு.
நிழலின் கறுப்பென்றால் கிளறிப் பார்க்கலாம்.
இது, வெளிச்சம் போய்ச் சேராத தகடு.
நாள் முழுக்கப் பார்த்தாலும்
என் மூக்குக்கண்ணாடிதான் அதில் தெரிந்தது.

பிறகு படிக்கல்.
கல்மேல் ரப்பர் காலணிகள், மூன்று ஜோடி.
இரண்டு ஜோடிகள் வாசலைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டவை,
வெளியே வருகிறவர் அப்படியே காலை நுழைத்துக்கொள்ள.
ஒழுங்கானவை. எனக்கு உதவாதவை.
நேரே லென்ஸைப் பார்க்கிற எதுவும்
தன் நீளத்தைச் சொல்லாது.

மூன்றாவது ஜோடி
உதறிவிட்டு ஓடியவருடையது.
ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது,
இன்னொன்று குறுக்கே,
நுனியிலிருந்து குதிகால் வரை
முழுசாக.

குதிகாலில் ஓர் ஒட்டுகூடத் தெரிகிறது,
மிதிவண்டி டியூபில் வெட்டியது போல.
பெண்கள் அணியும் வடிவம்.
ஆலையில் வார்த்தது; அளவு மாறாது.
அந்த நாளில் அதை 'முன்' கணக்கில் சொல்வார்கள்.
பத்து முன் என்றேன்.
ஒன்பதரையும் ஆகலாம்.

தூணின் உயரம் பன்னிரண்டு காலணி.
கல் சற்று முன்னால் கிடப்பதற்குக் கொஞ்சம் கழித்தேன்.
அரை முன் பிசகினால்
கூரை ஏழு விரல் இறங்கிவிடும்.
மா தொக்சு வெகுநேரம் பேசவில்லை.
பிறகு தன் காலுறையைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்:
"குளிர் தொடங்கிவிட்டது.
பருத்தி திணித்த காலுறை போட்டிருப்பாள்.
பத்தே வாங்கியிருப்பாள்."

அதை வைத்துத்தான் மரம் அறுத்தோம்.

சித்திரத்தைப் பார்க்க பிக்குணி ஹேவொன் வந்தார்.
தூணைத் தொட்டார், ஓட்டை எண்ணினார்,
பின்னலில் ஒன்று குறைவதைக் கண்டு சிரித்தார்.
"அப்படியே இருக்கட்டும்."
பிறகு அந்தக் கறுப்பின்மேல் விரல் வைத்து
முகம் எப்படி இருந்தது என்று கேட்டார்.
நின்றிருந்தாரா? அமர்ந்திருந்தாரா? மரமா? மண்ணா?

படத்தில் இல்லாததை நான் சொல்வதில்லை.
அந்தப் பக்கத்தில் வெறுமனே எழுதினேன்:
உள்ளே மூவர்.
ஒருவர் தாமதமாக வந்தவர்.