எண்பத்தேழாயிரத்து அறுநூற்று அறுபது

தெமட்டகொடையில், தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டிய
தகரக் கொட்டகைக்குள் நின்றது.
சிவப்பு சிடி நூறு.
வெயில் பட்ட பக்கம் மட்டும்
காய்ந்த மாதுளைத் தோலின் நிறம்.

"ஐயா வரவில்லையா?" என்று லயனல் கேட்டார்.
வாங்க வந்தவள் நான்தான் என்று
சிங்களத்தில் சொன்னேன்.
பிறகு, ஏனோ, டெறன்ஸைப் பார்த்துத்
தமிழிலும் ஒருமுறை சொல்லிக்கொண்டேன்.

மீட்டரில் எண்பத்தேழாயிரத்து அறுநூற்று அறுபது.
அதோடு எண்ணுவதை விட்டுவிட்டது.
பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற வருஷம்
கேபிள் அறுந்ததாம்.
"அந்த வருஷம் எங்கே ஓடியது, தள்ளியதுதானே."
சிரித்தார்.
அதற்குப் பிறகு?
"பிறகு ஓடியதுதான்."
எவ்வளவு?
கையை வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார்,
கணக்கு அங்கே எழுதியிருப்பது போல.

என் தொழில் பிழை பார்ப்பது.
கிராண்ட்பாஸில், கடைசிப் பக்கம் அச்சுக்குப் போக
பன்னிரண்டு நாற்பது ஆகும்.
அந்த நேரத்தில் வெள்ளவத்தைக்கு ஓட்டோ
ஆயிரத்து நூறு.
மழையென்றால் அவன் வாயில் வந்தது.
மாதத்துக்கு எவ்வளவு என்று
திருத்தத் தாளின் ஓரத்தில் கூட்டிப் பார்த்துத்தான்
இவ்வளவு தூரம் வந்தேன்.

டெறன்ஸ் ஸ்குரூட்ரைவர் நுனியை எஞ்சினில் வைத்து
பிடியைக் காதில் வைத்தான்.
கண்ணை மூடினான்.
நான் மூச்சை அடக்கிக்கொண்டேன், என்னையே சோதிப்பது மாதிரி.
"புகை இல்ல அக்கா, அது நல்லது.
இல்லாட்டி நேற்று ஒயில் மாத்தியிருக்கிறார்,
அது கூடாது."
செயின் பல் சுறாப் பல்லாகிவிட்டது.
முன் போர்க் கசிகிறது.
டாங்கிக்கு அடியில் ஒட்டிய பசையை நகத்தால் சுரண்டி
"இதுக்குள்ள என்ன இருக்கோ" என்றான்.

நான் பார்த்தது வேறு.
பின்னால் இருப்பவர் கால் வைக்கும் கட்டைகளில்
வலது புத்தம் புதிது, ரப்பரில் எழுத்துக்கூட அழியவில்லை.
இடது தேய்ந்து, இரும்பு தெரிந்து,
அந்த இரும்பும் பளபளத்தது.
ஒரே பக்கமாக
யாரோ வருஷக்கணக்காக
உட்கார்ந்து போயிருக்கிறார்கள்.

கேட்கலாமா என்று யோசித்தேன்.
செத்தவர்களைப் பற்றிக் கேட்டால்
பிறகு விலை குறைத்துக் கேட்க முடியாது.

கேட்கவே தேவையில்லாமல் போயிற்று.
ஒழுங்கைக்குள் ஒரு ஸ்கூட்டர் திரும்பி ஹார்ன் அடித்தது.
கனமான அம்மா, ஹெல்மெட்டுக்குள் கண்ணாடி,
முழங்காலுக்கு நடுவில் மரக்கறிப் பை.
"இப்ப இவ என் பின்னால் ஏறுவதில்லை" என்றார் லயனல்,
குற்றம் சொல்வது மாதிரியும்
பெருமை பேசுவது மாதிரியும்.
"நான்தான் ஏறுகிறேன்."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.
"உனக்கா?"
"எனக்குத்தான்."
"பிரேக் பிடிக்காது. அவரிடம் கேட்டால் பிடிக்கும் என்பார்."

லயனல் மூன்று முப்பதிலிருந்து
அந்த இடத்திலேயே மூன்று பத்துக்கு வந்தார்.
டெறன்ஸ் என் செருப்பை மெல்ல மிதித்தான்:
இன்னும் இறங்கும்.
நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
எல்லாரும் சொல்வதுதான்.
கொட்டகையைப் பூட்டிவிட்டு அவர் ஸ்கூட்டரில் ஏறி
மனைவியின் தோளைப் பிடிக்காமல்
பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்.

நூற்றைம்பத்துநாலில் சாரதிக்குப் பின் சீட் கிடைத்தது.
உள்ளங்கையில் பெட்ரோல் வாசம்.
பொரளையில் நின்றபோது எட்டிப் பார்த்தேன்:
ஊதுபத்திப் புகை, பிளாஸ்டிக் தாமரை,
அதன் கீழே மீட்டர்.
முள் பூஜ்ஜியத்தில் படுத்திருந்தது.
பம்பலப்பிட்டி வரை எழும்பவே இல்லை.

பதினாறு வருஷமாக இதில்தான் ஏறி இறங்குகிறேன்.
எவ்வளவு ஓடியது என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

இறங்கும்போது டெறன்ஸுக்கு அழைத்தேன்.
பஞ்சிகாவத்தையில் மீட்டர் கேபிள் என்ன விலை?
"அப்ப எடுக்கப் போறீங்களா அக்கா?"
கேபிள் விலையைத்தான் கேட்டேன் என்றேன்.
கொஞ்சம் பொறுத்து,
பிரேக் சூ விலையையும் கேட்டேன்.