சீலிங் ஃபேன் அட்டை

“ஹெட் போயிருக்கும்க்கா, பதினாலாயிரம் ஆவும்”
என்றான் கொம்பையா, சீட்டைத் தூக்கிக்கூடப் பார்க்காமல்.
ஓம்னிக்கு எஞ்சின் சீட்டுக்கு அடியில்.
அதன் மேல் உட்கார்ந்துதான் தினமும் பேட்டையிலிருந்து
பதினொரு பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் சேர்க்கிறேன்.
கோளாறு என்றால் முதலில் சுடுவது எனக்கு.

வெள்ளி ராத்திரி
புது ஃபேன் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து
வண்டிக்கு அடியில் விரித்தேன்.
விடிந்து இழுத்தால் ஒரே ஒரு வட்டம்,
சுக்குக்காப்பி நிறம், ஓரமெல்லாம் உப்பு.
ஆயில் என்றால் மினுங்கும்.
ஏசித் தண்ணி என்று மனசைத் தேற்ற
வண்டியில் ஏசி கிடையாது.

ஓஸ் கிளிப்புகளை முறுக்கினேன். சொட்டியது.
ரேடியேட்டர் மூடியை மாற்றினேன். சொட்டியது.
மாடியில் குடியிருக்கும் பிரிசில்லா
நைட் டூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்து
“எங்க சொட்டுதுன்னு பாக்காதீங்க,
எங்கருந்து வருதுன்னு பாருங்க” என்று டார்ச் பிடித்தாள்.
பவுடர் டப்பாக் கண்ணாடியை உள்ளே நீட்டினேன்.

வாட்டர் பம்ப்பின் கழுத்துக்குக் கீழே
எள் நுழைகிற அளவு ஒரு துளை.
தேய்ந்து விழுந்ததில்லை, கம்பெனியே போட்டது.
உள்ளே சீல் செத்தால்
தண்ணீர் பேரிங்குக்குள் இறங்காமல்
வெளியே வந்து சொல்லிவிடட்டும் என்று.
சொல்லியிருக்கிறது. எத்தனை வாரமாகவோ.
கீழே பொருக்குத் தட்டி வெள்ளைக் கோடு.

அந்த உப்பு எனக்குத் தெரிந்த உப்பு.
மே மாசம் குழாயில் மூணு நாளைக்கு ஒருக்கத்தான் வரும்.
ஆத்துத்தண்ணி குடத்துக்கு,
பருப்பு வேகாத போர்த்தண்ணி ரேடியேட்டருக்கு.
வண்டிக்கு நாக்கா இருக்கு என்று ஊற்றினேன்.
இதைக் கொம்பையாவிடம் சொல்லவில்லை.

வண்ணார்பேட்டையில் மைதீன் பிச்சை
“பெல்ட்டையும் சேத்துப் போட்டுருங்க,
மறுபடி இம்புட்டையும் கழட்டவா போறீய?” என்றார்.
அது வியாபாரம் என்று தோன்றியது.
கழற்றிய பிறகுதான் நியாயம் என்று தெரிந்தது.

போல்ட்டுகள் ஒரே நீளம் இல்லை.
அதே அட்டையின் மறுபக்கத்தில் பம்ப்பை வரைந்து
கழற்றக் கழற்ற அந்தந்த இடத்தில் குத்தி வைத்தேன்.
டைமிங் பெல்ட்டின் குறிகளுக்கு
பிரிசில்லாவின் நெய்ல் பாலிஷ், சிவப்பு.
“டூட்டியில போடக்கூடாது, இதுக்காவது ஆவட்டும்” என்றாள்.
ஒரு போல்ட் மட்டும் அசையவில்லை.
எண்ணெய் விட்டு, டீ போட்டுக் குடித்து,
திட்டி,
சுத்தியலால் லேசாக நாலு தட்டு.
க்ரக்.
ஒடிந்ததோ என்று கண்ணை மூடிக்கொண்டேன்.
ஒடியவில்லை.

வெளியே வந்த பழைய பம்ப்பைச் சுற்றினால்
சோற்றில் மண் கடிபட்ட சத்தம்.
அதன் தண்டு
ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையின் முன்பல்லாக ஆடியது.

பழைய கேஸ்கட்டைச் சுரண்டவே ஒரு மணி நேரம்.
புதுசை வைத்து
எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி,
பச்சைக் கூலன்ட் ஊற்றி, மூடி திறந்தபடி ஓடவிட்டேன்.
குமிழி வந்தது. வந்தது. நின்றது.
முள் பாதியில் ஏறி அங்கேயே உட்கார்ந்தது.
ரேடியேட்டர் விசிறி தானாகச் சுற்ற,
“பாத்தியாட்டி!” என்று திரும்பினால்
படிக்கட்டில் டார்ச்சை அணைக்காமல்
பிரிசில்லா தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு ராத்திரி மறுபடி அட்டை.
காலையில் சொட்டு இல்லை,
பூனைக்கால் தடம் நாலு.
திருப்பினால், வரைந்த பம்ப்புக்கு வெளியே, ஓரமாக
ஒரு போல்ட்.
பம்ப்பைத் திறந்து பார்க்க நேரமில்லை, மணி ஏழரை.
முள்ளையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

கண்டியப்பேரி ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கியதும்
பக்கத்து சீட் துள்ளியது.
“அக்கா, இன்னொருக்க!” என்று கத்தினான் ஒருவன்.
சீட்டுக் கொக்கி போல்ட்.
பையில் துழாவி எடுத்து
ஹார்னை அமுக்கிச் சிரித்தேன்.