பேச முடிகிற வேகம்

ஜனவரி. ஐந்தேகால்.
பைக் சீட்டில் உப்பு கொட்டியதுபோல் உறைபனி.
நகத்தால் ஒரு கோடு இழுத்துப் பார்த்து
"இன்னைக்கு வேணாமா?" என்கிறாய்.
வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
புகை மட்டும் வந்தது.
சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய்.

நாற்பத்திரண்டு கிலோமீட்டர் என்றால் எவ்வளவு,
முதல் நாள் கேட்டேன்.
கேத்தியிலிருந்து மேட்டுப்பாளையம், ஏறக்குறைய, என்றாய்.
பஸ்ஸில் போனாலே
பர்லியாறு வருவதற்குள் இரண்டு தரம்
ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுகிறவள் நான்.

ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை.
ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிய அட்டவணை.
அடியில் உன் கையெழுத்தில் ஒரு விதி:
பேச முடிகிற வேகத்தில் மட்டும் ஓடவும்.

பாலாடா இறக்கத்தில் கேரட் கழுவும் மெஷின்
இன்னும் தூங்கப் போகவில்லை.
மஞ்சள் பல்புக்குக் கீழே
ரப்பர் பூட்ஸும் சிவந்த கைகளுமாய்ப் பையன்கள்.
"அக்கா, யாரு துரத்துறாங்க?"
நந்தீஷ்தான். தினமும் இதே கேள்வி.
பதில் வைத்திருக்கிறேன், சொல்ல மூச்சில்லை.
விதிப்படி பார்த்தால்
நான் ரொம்ப வேகம்.

முதல் வாரம் பேசினோம்.
கேஸ் சிலிண்டர். பீரோ சாவி.
ஷாலுவின் கெமிஸ்ட்ரி டியூஷன்.
சொசைட்டி லோனில் மிச்சம் எத்தனை தவணை.
இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை
பதினேழு வருடப் பேச்சும் தீர்ந்துபோய்
அட்டவணையில் இன்னும் பதினோரு நிமிடம் பாக்கி இருந்தது.

நம் ஷூக்களை மட்டும் கேட்டுக்கொண்டு ஓடினோம்.
என்னுடையது ஒரு சைஸ் பெரிசு,
உள்ளே இரண்டு கம்பளி சாக்ஸ்.
உன்னுடையது இடது காலில் கீச்சென்றது.

தேயிலை மேல் பெரணி வெட்டிப் போர்த்தியிருந்தார்கள்.
போர்த்தாத பாத்தி முழுக்கக் கருகல்.
தீ வைத்தது மாதிரியே இருந்தது.

அங்கேதான் ஆரம்பித்தாய்.
"அந்த வருஷம்...
கோயம்புத்தூர்ல...
மில்லுல... சூப்பர்வைசர் வேலை...
கூப்பிட்டாங்க.
உன்கிட்ட... சொல்லல."

வாட்ச் பீப் அடித்தது.
நடை.

வளைவில் காட்டுமாடு.
ரோட்டை அடைத்துக்கொண்டு,
முழங்கால்வரை வெள்ளை சாக்ஸ் போட்டு,
அதுவும் பயிற்சிக்கு வந்ததுபோல.
உன் கை எனக்குக் குறுக்கே வந்து நின்றது,
பிரேக் போடும்போது பின் சீட்டில் இருக்கும் என்னைத் தேடி
பின்னால் நீளுமே, அதே கை.
மூன்று பேரும் புகை விட்டுக்கொண்டு நின்றோம்.
அதன் புகைதான் பெரியது.

அதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்,
சத்தமில்லாமல்.
"ஏன் சொல்லல?"

"சரி, போலாம்னு
நீ சொல்லிட்டா என்ன பண்றதுன்னு."

காட்டுமாடு அவசரப்படவில்லை.
ஒரு காலை வேலிக்கு அந்தப்பக்கம் வைத்து,
யோசித்து,
இன்னொரு காலை வைத்து,
கருகிய செடிகளுக்குள் இறங்கிப் போயிற்று.

கீழே, மேகத்துக்கு அடியில் எங்கோ,
வெயில் அடிக்கும் ஒரு ஊரில்
மாடி வீடு ஒன்றில் துணி காயப்போடுகிற ஒருத்தியை
நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன் என்று
உனக்குத் தெரியாது.
இங்கே துணி காய மூன்று நாள் ஆகும்.

மறுபடி பீப்.
ஓடினேன்.
பேச முடியாத வேகத்தில்.
ஒரு நிமிடம் முடிந்தது பீப், நடை பீப்,
அடுத்த ஓட்டம் பீப்,
எதற்கும் நிற்கவில்லை.
பின்னால் கீச், கீச்.
நெருங்குவதும் இல்லை, விலகுவதும் இல்லை.

பால் சொசைட்டி வாசலில்தான் குனிந்து நின்றேன்.
கேன் இறக்கிக்கொண்டிருந்தவர்
ஏதாவது ஆயிற்றா என்று கேட்டார்.
நீ வாட்சைக் காட்டினாய்:
ஒன்பது நிமிடம்.
இதற்கு முன் நான்
மூன்றைத் தாண்டியதில்லை.
"பாரு," என்றாய்,
சந்தோஷப்படலாமா என்று தெரியாத முகத்தோடு.

வீட்டுக்கு வந்தபோது சீட் நனைந்திருந்தது.
குரங்குக் குல்லாவைக் கழற்றி அதைத் துடைத்தாய்.
நாளைக்கு ஓய்வு, அட்டவணையில்.
எனக்குக் கேட்க இன்னும் இருக்கிறது.

லேஸை அவிழ்க்காமலே
ஷூவைக் கழற்றி வைத்தேன்,
வாசலைப் பார்க்க.